திருமுகமும் தூதரும்: சியாம் அரசவை வரவேற்பைக் காட்டும் செதுக்கோவியம் (1685) – ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

1685-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள், சியாம் நாட்டின் தலைநகராகிய அயுத்தயாவில், பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தூதர் ஷெவாலியே த ஷோமோன், மன்னர் நாராயின் திருமுன் நின்று தம் மன்னரின் கடிதத்தை அளித்தார். அந்நிகழ்வைக் காட்டும் செப்புத்தகட்டுச் செதுக்கோவியம் ஒன்று பாரிசு நகரின் நிலப்படச் செதுக்குநரும் அச்சுப்பட வணிகருமான ழான்-பப்திஸ்த் நோலினின் பெயரால் அறியப்படுகிறது. ஐரோப்பிய–ஆசிய அரசுறவு வரலாற்றைப் பேசும் நூல்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் படங்களுள் இதுவும் ஒன்று. எடுத்தாளுவோர் பெரும்பாலும் இதனை நிகழ்வின் சான்றாகவே கொள்கின்றனர். தூதர் தலைநிமிர்ந்து நின்றார், மன்னர் குனிந்தார், ஆகவே பிரெஞ்சு மதிப்பு வென்றது என்பது அவ்வாசிப்பின் சாரம். இக்கட்டுரையாளரும் இப்படத்தின் மின்படியை முதன்முதலில் கண்டபோது அவ்வாறே வாசித்தார். அந்த வாசிப்பு படத்துக்குள்ளிருந்து இயல்பாக எழுவதன்று. படம் தெரிவுசெய்துகொண்ட ஒரு கணத்தினால் விளைவது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

படத்தின் அமைப்பு

பார்வையாளரின் கண் முதலில் சென்று சேர்வது நடுவில் நிற்கும் தூதரிடம். அவருக்கு எதிரே, சுவரில் உயரத்தில் அமைந்த சாளரம் ஒன்றில் மன்னர் தோன்றுகிறார். அவர் முன்சாய்ந்து கடிதத்தை நோக்கி வருகிறார். கீழே, தரை முழுவதும், சியாமியப் பெருமக்கள் வரிசை வரிசையாக நெற்றி நிலம் தோயக் கிடக்கின்றனர். அவர்களுக்கு முகங்கள் இல்லை. முதுகுகளும் தொப்பிகளுமே உள. செதுக்குநரின் உளி ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப இழுத்துச் செல்கையில் மனிதர்கள் தரைவிரிப்பின் பூவேலைபோல் ஆகிவிடுகின்றனர். நிற்பவர் சிலர், கிடப்பவர் பலர் என்னும் இந்த எண்ணிக்கையே படத்தின் முதல் வாதம் எனலாம்.

இடப்பக்கக் கீழ்மூலையில் ஒருவர் மட்டும் வேறுபடுகிறார். அவரும் தரையில்தான் இருக்கிறார். எனினும் அவர் தூதரை நோக்கிச் சைகை செய்கிறார். அவரே கான்ஸ்டன்டைன் ஃபால்கன். கிரேக்கத் தீவாகிய கெஃபலோனியாவில் பிறந்து, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் வழியாகக் கீழைக் கடல்களுக்கு வந்து, நாராயின் அரசுப் பணியில் சேர்ந்து, அயல்நாட்டு உறவுகளை நடத்தும் நிலைக்கு உயர்ந்தவர். அவரைப்பற்றிப் பின்னர்க் காண்போம்.

அரங்கின் பொருள்களைப் புரிந்துகொள்ள, இரண்டாண்டுகள் கழித்து அடுத்த தூதுக்குழுவின் தலைவருள் ஒருவராக வந்த சிமோன் த ல லூபேர் 1691-இல் வெளியிட்ட சியாம் நாட்டு நூல் பெரிதும் துணைசெய்கிறது. அவர் தரும் செய்தியின்படி, அயுத்தயாவின் அவை மண்டபத்தில் இருக்கை, மேசை முதலிய பொருள்கள் இல்லை. சாளரத்தின் முன்னே ஒன்பதடுக்குக் குடை ஒன்றும், இருமருங்கும் ஏழடுக்குக் குடைகள் இரண்டுமே இருந்தன. மன்னர் மண்டபத்துள் இருப்பதில்லை. அவர் இருப்பது சுவருக்கு அப்பால். சாளரம் அவர் தோன்றும் வாயில். முரசும் எக்காளமும் ஒலித்ததும் அனைவரும் நிலத்தில் வீழ்வர். அதாவது, அவ்வவையில் உயரம் என்பது அலங்காரமன்று, அதுவே அரசமைப்பு. நாட்டின் ஒழுங்கு முழுவதும் அந்த ஒரு செங்குத்துக் கோட்டில் எழுதப்பட்டுள்ளது.

பேரம்பேசப்பட்ட உயரம்

இந்தச் செங்குத்துக் கோடுதான் தூதுக்குழு வந்து சேர்ந்த நாள்முதல் பேச்சுவார்த்தையின் பொருளாயிற்று. 1685 மார்ச்சு 3 அன்று பிரெஸ்த் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் செப்டம்பரில் சியாமின் ஆற்றுமுகத்தை அடைந்தன. அதன்பின் அவையில் நுழைவதற்கு முந்தைய வாரங்களில் ஷோமோனும் ஃபால்கனும் உடல்களைப்பற்றியே பேசினர். தாம் விழுந்து வணங்க இயலாது. வாளும் காலணியும் அணிந்தே நுழைவேன். கடிதத்தை அலுவலர் கைவழி அனுப்பாமல் மன்னர் கையிலேயே நேரே தருவேன் என்பன தூதரின் நிபந்தனைகள். இவை அனைத்தும் ஒப்புக்கொள்ளப்பட்டன. பல நூற்றாண்டு வழக்கை உடைய ஓர் அரசவை ஓர் அயலவருக்காக இத்துணை இடம்கொடுத்தது என்பதே கவனத்திற்குரியது. அதனை அச்சம் என்றோ வலுவின்மை என்றோ கொள்வதற்குச் சான்றில்லை. தென்கிழக்காசியாவில் ஒல்லாந்தரின் கை ஓங்கியிருந்த காலத்தில் வேறொரு பேரரசின் நட்பை நாராய் விரும்பினார் என்பதே பொருத்தமான விளக்கம்.

ஒப்புதலில் ஒரு சிக்கல் எஞ்சியது. சாளரம் உயரத்தில் உள்ளது. கடிதமோ கைக்குக் கை செல்லவேண்டும். இதற்கெனப் பொற்கிண்ணம் ஒன்று நீண்ட பொற்காம்புடன் அமைக்கப்பட்டது. காம்பின் அடியைப் பிடித்து உயர்த்தினால் கிண்ணம் மன்னரின் கைக்கு எட்டும். பொறியியல் நோக்கில் இது குறையற்ற தீர்வு. ஆனால் ஷோமோன் அதனை வேறுவிதமாகக் கண்டார். அவ்வளவு தொலைவிலிருந்து, கையை அவ்வளவு உயர்த்தி நீட்டுவது தம் மன்னருக்கு இழுக்கு என அவர் முடிவுசெய்து, கிண்ணத்தின் அருகிலேயே காம்பைப் பிடித்துக்கொண்டார். கிண்ணம் எட்டவில்லை. தரையில் தவழ்ந்த நிலையிலிருந்த ஃபால்கன், உயர்த்துங்கள் என்று குரல்கொடுத்தார். தூதர் உயர்த்தவில்லை. மன்னர் சிரித்தபடி சாளரத்துக்கு வெளியே குனிந்து கடிதத்தை எடுத்துக்கொண்டார்.

இச்செய்தி நமக்குப் பிரெஞ்சு வாய்களின் வழியே கிடைக்கிறது. ஷோமோன் 1686-இல் வெளியிட்ட தம் பயண அறிக்கையில் இதனைக் கூறுகிறார். உடன்சென்ற அபே த ஷுவாசியின் 1687-ஆம் ஆண்டு நாட்குறிப்பும், சேசுசபைத் துறவி கீ தஷாரின் 1686-ஆம் ஆண்டு பயணநூலும் இதனையே வேறுவேறு அழுத்தங்களுடன் சொல்கின்றன. சியாமியத் தரப்பில் ஒப்பிடத்தக்க எழுத்து இல்லாமைக்குக் காரணம் உண்டு: 1767-இல் பர்மியப் படை அயுத்தயாவை அழித்தபோது அரச ஆவணங்களுள் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. ஒருபக்கச் சான்றுகளையே நம்பவேண்டிய இடத்தில், அச்சான்றுகளுக்குள் உள்ள விரிசல்களைத் தேடுவதே ஆய்வாளருக்கு எஞ்சும் வழி.

விடுபட்ட கணம்

அத்தகைய விரிசல் ஒன்று அதே பிரெஞ்சுப் பதிவுகளில் உள்ளது. மன்னர் கடிதத்தை எடுத்தபின் என்ன செய்தார் என்பதையும் அவை சொல்கின்றன: அதனைத் தம் தலைக்குமேல் உயர்த்தினார். இது அரிதினும் அரிதான மரியாதை என அப்பதிவுகளே வியக்கின்றன.

இவ்விரண்டு செயல்களுக்கும் இடையே ஒரு நொடியோ இரு நொடியோ சென்றிருக்கலாம். செதுக்கோவியம் முதல் நொடியைத் தெரிவுசெய்தது, இரண்டாவதை விட்டுவிட்டது. விட்டதனால் பொருள் முற்றிலும் மாறிவிட்டது. முதல் நொடியில் படம் சொல்வது: ஒருவர் நிற்க, மற்றவர் குனிகிறார். இரண்டாவது நொடி வரையப்பட்டிருப்பின் படத்தின் உச்சியில் இருந்திருப்பது மன்னரின் முடியன்று, ஒரு மடல். அதற்குக் கீழே மன்னர். அவருக்கும் கீழே, கிண்ணம் வெறுமையாகிவிட்ட கையுடன், தம் பணி முடிந்த தூதர். அப்படத்தைக் காண்பவர் எவரும் ஷோமோன் வென்றார் என்று சொல்லியிரார்.

ஓவியன் ஒரு கணத்தைத்தான் வரையமுடியும், அது குற்றமாகாது. ஆனால் எந்தக் கணம் என்பது தெரிவு. பாரிசில் காசு கொடுத்து இப்படத்தை வாங்குவோர் தம் மன்னரின் பெருமையைக் காண விரும்பினர். சியாமைக் கண்ணால் காணாத செதுக்குநர் அவ்விருப்பத்தை நன்கு அறிந்திருந்தார். தூதரின் அறிக்கையும் உயர்த்தாத கையையே தன் சாதனையாக முன்வைத்தது. படம் அறிக்கையைப் பின்தொடர்ந்தது; பிற்கால நூல்கள் படத்தைப் பின்தொடர்ந்தன.

கடிதமா, தூதரா?

இரு தரப்பினரும் ஒரே நிகழ்வில் இருவேறு செயல்களைச் செய்துகொண்டிருந்தனர் என்பதை ல லூபேர் ஏறத்தாழத் தெளிவாகவே உணர்ந்திருந்தார். கீழை நாடுகளில் தூதர் என்பவர் தம் மன்னரின் உருவாகக் கருதப்படுவதில்லை. அவர் கடிதத்தைக் கொண்டுவருபவர் மட்டுமே. கடிதத்திற்குச் செய்யப்படும் மரியாதையோடு ஒப்பிட்டால் அவருக்குக் கிடைப்பது சிறிதே என்று அவர் குறிப்பிடுகிறார். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசுறவு நெறியிலோ தூதர் மன்னரின் ஆளுமையையே தாங்கி நிற்பவர். அவர் தொப்பி கழற்றினால் மன்னர் கழற்றியதாகும். அவர் கை உயர்ந்தால் மன்னரின் கை தாழ்ந்ததாகும். ஷோமோனின் பிடிவாதம் தனிமனிதச் செருக்கன்று. அவர் பயின்ற நெறியில் அவருக்கு வேறு வழியில்லை.

தமிழ் மரபை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. திருக்குறளின் 69-ஆம் அதிகாரமாகிய தூது என்பதற்கு உரைவகுக்கும் பரிமேலழகர், தூதரைத் தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் என இருவகையாகப் பகுக்கிறார். ஷோமோன் தம்மை முதல்வகையினும் மேலானவராகக் கருதினார். சியாமிய அவை அவரை இரண்டாம் வகையினும் கீழாக, கூறுவதற்கும் தேவையின்றிச் சுமப்பவராகக் கண்டது. இப்பகுப்பு சியாமுக்கு உரியதன்று என்பது வெளிப்படை. ஆயினும் சிக்கலைப் பெயரிட்டுப் பேச நமக்கு ஒரு கருவி கிட்டுகிறது.

இதனினும் நெருக்கமான கருவி ஒரு சொல். அரசன் விடுத்த ஓலையைத் தமிழ்க் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் திருமுகம் என்றே வழங்குகின்றன. ஓலை அரசனின் செய்தியன்று, அரசனின் முகம். பல்லவர், சோழர் செப்பேடுகளில், திருமுகம் வரும்போது நாட்டார் எதிர்சென்று தொழுது பெற்றுத் தலைமேல் வைத்துக்கொண்டனர் என்னும் செய்தி வாய்பாடாகவே இடம்பெறுகிறது. கொண்டுவந்த ஆளைப்பற்றி அவ்வாய்பாடு கவலைப்படுவதில்லை. அயுத்தயாவின் சாளரத்தில் நிகழ்ந்த செயலும் இதுவே. சியாமிய மொழியில் அரசர் மடலைக் குறிக்கும் ராச்சசான் என்னும் சொல்லின் பின்பகுதியும் நம் சாசனமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இவ்வொற்றுமையைக் கொண்டு சோழநாட்டு வழக்கு அயுத்தயாவுக்குச் சென்றது என வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வாறு வாதிடும் ஆர்வம் நம் ஆய்வுலகில் மிகுதி. ஒரு வேற்றுமை மட்டும் சுட்டத்தக்கது. திருமுகத்தைத் தலைமேல் வைத்தவர்கள் குடிகள். சியாமில் வைத்தவர் ஒரு முடிமன்னர், தமக்கு ஒப்பான மற்றொரு முடிமன்னரின் மடலை.

அவ்வாறாயின் நாராய் யாருக்குக் குனிந்தார்? தூதருக்கு அன்று. தமக்கு இணையானவராக அவர் ஏற்றுக்கொண்ட ஒரு மன்னரின் முகத்தை வரவேற்கவே அவர் சாளரத்தினின்று வெளிப்பட்டார். தூதர் கிண்ணத்தை உயர்த்தியிருந்தாலும் மடல் தலைக்குத்தான் சென்றிருக்கும். ஷோமோன் காத்ததாக எண்ணிய மதிப்பு, அவர் கையின் உயரத்தைச் சார்ந்து இருக்கவேயில்லை.

வெர்சாயில் நிகழ்ந்தது இவ்வாசிப்புக்கு வலுச்சேர்க்கிறது. ஷோமோனுடன் திரும்பிய சியாமியத் தூதர் கோசா பான் 1686 செப்டம்பர் 1 அன்று கண்ணாடி மண்டபத்தில் லூயியைக் கண்டார். அதற்கு முன்னான வாரங்களில் சியாமியர் தம் மன்னரின் மடலைத் தங்கிய இடங்களிலெல்லாம் உயர்ந்த பீடத்தில் வைத்து வணங்கினர். அதற்கு மேலான இடத்தில் தாம் தங்கலாகாது என்பதில் மிகக் கண்டிப்பாயிருந்தனர். தொன்னோ த விசேயின் மெர்க்கூர் கலான் இதழ் இவற்றை விரிவாக வெளியிட்டது. வாசகர்களுக்கு இது சுவையான வேடிக்கையாக இருந்தது. கோசா பான் தாமோ படிகளின்மேல் வெள்ளி அரியணையில் அமர்ந்திருந்த லூயியின் முன் விழுந்து வணங்கத் தயங்கவில்லை. அதனால் தம் மன்னர் தாழ்ந்தார் என அவர் எண்ணியதாக எக்குறிப்பும் இல்லை. தூதரின் முதுகு தூதருடையது; மன்னர் மடலில் இருக்கிறார். கோசா பானின் வணக்கத்தைக் காட்டும் அச்சுப்படங்களும் பாரிசில் விற்றன. இருவேறு அவைகள், இருவேறு நெறிகள். எனினும் படம் வாங்கியவர் இரண்டிலும் கண்டது ஒன்றையே: பிரான்சின் உயரம்.

குனிதலும் இசைதலும்

மன்னரின் குனிவைப் பணிவாக வாசிப்போர் அடுத்து நிகழ்ந்தவற்றோடு அதனை ஒப்பிடுவதில்லை. அன்று ஷோமோன் ஆற்றிய உரையின் நோக்கம், நாராய் கிறித்தவத்தைத் தழுவவேண்டும் என்பது. மன்னர் தழுவவில்லை, பின்னரும் தழுவவில்லை. எல்லா மக்களும் ஒரே முறையில் வழிபடவேண்டும் என்று இறைவன் விரும்பியிருந்தால் அவ்வாறே படைத்திருப்பானே என்னும் பொருளில் அவர் விடையளித்ததாகப் பிரெஞ்சுப் பதிவுகளே கூறுகின்றன. மடலுக்குக் குனிந்தவர் மடலைக் கொண்டுவந்தவரின் வேண்டுகோளுக்கு இசையவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கண்டதே, தூதுக்குழுவின் பிழை மட்டுமன்று, அதன்பின் பிரான்சு வகுத்த கொள்கையின் பிழையும் ஆகும்.

ஃபால்கனிடம் திரும்புவோம். படத்தில் இரு நெறிகளையும் அறிந்த ஒரே மனிதர் அவரே. ஷோமோனின் கை ஏன் உயரவில்லை என்பது அவருக்குத் தெரியும். அது ஏன் உயரவேண்டும் என்பதும் தெரியும். முழங்கையும் முழங்காலும் நிலத்தில் ஊன்றியபடி அவர் மேல்நோக்கிச் சுட்டுகிறார். செதுக்குநர் இதனைத் தோல்வியின் குறியாகவே வரைந்திருக்கலாம்: கட்டளையிட முயன்று, கேட்கப்படாமற்போன ஒருவர். ஆனால் மீண்டும் நோக்குங்கால், மொழிபெயர்ப்பாளரின் நிலையை இதனினும் துல்லியமாகக் காட்டும் படம் வேறு இருக்குமா என்ற ஐயம் எழுகிறது. உடல் ஒரு நெறிக்கு அடங்கியிருக்கிறது; கை மற்றொரு நெறியுடன் பேசுகிறது. இரு தரப்பும் அவரை முழுமையாக நம்பியதில்லை. பெரும்பாலான விளக்கக் குறிப்புகள் அவர் மண்டியிடுவதை மட்டும் குறித்துச் செல்கின்றன, கையைக் குறிப்பதில்லை.

1687-இல் ல லூபேர், செபெரே ஆகியோரின் தூதுக்குழு வந்தபோது அதனுடன் தளபதி தெஃபார்ழின் தலைமையில் படையும் வந்தது. நட்பு முற்றுகையாகத் தோன்றத் தொடங்கியது. 1688-இல் நாராய் நோயுற்றிருக்கையில் பெத்ராச்சா அதிகாரத்தைக் கைப்பற்றினார். ஃபால்கன் சூன் 5 அன்று கொல்லப்பட்டார். நாராய் சூலை 11 அன்று இறந்தார். பாங்காக்கு கோட்டையில் முற்றுகைக்குள்ளான பிரெஞ்சுப் படை ஆண்டின் இறுதியில் வெளியேறிப் புதுச்சேரியை நோக்கிக் கப்பலேறியது. தமிழகக் கடற்கரையில் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் வந்திறங்கிய அவ்வீரர்களுள் எவரேனும் நோலினின் படத்தை முன்பு பாரிசில் கண்டிருக்கக்கூடும். அவர்கள் விட்டுவந்த நாட்டில் அச்சாளரம் இருந்தது. அதன் உயரம் சிறிதும் குறைந்திருக்கவில்லை.